இங்கு அடைப்புக்குறி மாற்றித் தரப்படும்

பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டியபோது மாலை நாலு மணி. டென்மார்க்கின் ஓல்போர்க்கில் டிசம்பர் மாதத்து நாலு மணி என்பது நம் ஊர் ராத்திரி எட்டு மணிக்குச் சமம். கையில் நாலாக மடித்த காகிதம். இந்த நாட்டில் அரசாங்கக் கடிதமெல்லாம் மின்பெட்டியில்தான் வந்து விழும். அக்கா மகனை விட்டு அதை அச்செடுக்கச் சொல்லி, மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். காகிதமாக இருந்தால்தான் அவருக்கு அது கடிதம்.

"தம்பி, நான் செத்துப்போனனோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

வாங்கிப் படித்தேன். ஓய்வூதியக் கணக்கு சம்பந்தமாக ஓர் அலுவலகம் எழுதியிருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை; சொன்னால் எனக்கும் ஒரு கடிதம் வரும். கொடுத்த எண்ணில் நபர் எவரும் கண்டறியப்படவில்லை, பதினாலு நாளுக்குள் சரியான எண்ணைத் தெரிவிக்கவும் என்பது சாரம். கண்டறியப்படாத அந்த நபரின் தெரு, கதவிலக்கம், இரண்டாம் மாடி, படியேறினால் இடது கைப்பக்கம் என்பது வரை கடிதத்தின் தலையில் துல்லியமாக அச்சாகியிருந்தது.

எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பது இலக்கம். பத்து இருக்க வேண்டும்.

"அக்கா, நீங்க எந்தத் தேதியில பிறந்தீங்க?"

"ஏழாம் திகதி. ஏன் தம்பி, அதுவும் பிழையோ?"

பிழைதான். பத்தாம் தேதிக்கு மேல் பிறந்திருக்க வேண்டும்.

டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொரு மனிதருக்கும் சி.பி.ஆர். எண் என்று ஒன்று உண்டு. முதல் இரண்டு இலக்கம் பிறந்த நாள், அடுத்த இரண்டு மாதம், அடுத்த இரண்டு ஆண்டு, மிச்சம் நாலு உங்களை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட. மருத்துவரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். ஏழாம் தேதிக்காரரின் எண் 07 என்று தொடங்கும். அக்காவின் கடிதத்தில் அந்த முதல் பூஜ்யத்தைக் காணோம்.

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். ஒரு கணினி எக்ஸ்.எம்.எல். வடிவில் தரும் தரவை ஜேசன் வடிவுக்கு மாற்றி இன்னொன்றுக்கு ஊட்டுவது, அது திருப்பித் தருவதை மறுபடி எக்ஸ்.எம்.எல். ஆக்கிப் பழையதற்கு ஊட்டுவது. கும்பகோணத்திலிருந்து கடல் தாண்டி வந்து நான் பார்க்கும் உத்தியோகம் இது. கோண அடைப்பைக் கொடுத்தால் நெளி அடைப்பாக மாற்றித் தருவேன். பாத்திரக்கடை வாசலில் பழைய பித்தளைக்குப் புது எவர்சில்வர் தருகிற மாதிரி. பித்தளையில் பாட்டி பெயர் பொறித்திருந்தால் அது உங்கள் பாடு.

பூஜ்யம் விழுவது இப்படித்தான். எக்ஸ்.எம்.எல்-இல் எழுதியது எல்லாம் வெறும் எழுத்து. எது எண், எது சொல் என்பதை ஸ்கீமா என்கிற தனித் தாளில் எழுதி வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு வாங்கிய மாற்றிகள் பல அந்தத் தாளைப் படிப்பதில்லை. கண்ணில் பட்டது முழுக்க இலக்கமாகத் தெரிந்தால் 'ஓகோ, எண்' என்று தானே முடிவு கட்டிவிடும். ஜேசன் இலக்கணப்படி எண்ணின் தலையில் பூஜ்யம் நிற்கக் கூடாது. எனவே வாசலிலேயே பூஜ்யத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தை உள்ளே அனுப்பும். கோயிலுக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது போல.

ஒவ்வொரு மாதத்திலும் ஒன்று முதல் ஒன்பது தேதி வரை. பன்னிரண்டு மாதத்துக்கு 108 நாள். 108 என்றால் நம் ஊரில் ஆம்புலன்ஸ் வரும், அர்ச்சனை நடக்கும். இங்கே அந்த 108 நாளில் பிறந்தவர்கள் கணக்கிலிருந்து கழலுவார்கள். நம் ஆதார் எண் பூஜ்யத்திலோ ஒன்றிலோ தொடங்குவதில்லை. அதை வகுத்தவர்களுக்கு இந்தப் பயம் இருந்ததோ என்னவோ. வேறு எதில் குறை சொன்னாலும் இதில் கும்பிடு போடலாம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லாமல் வந்த அகதிகள் பலரை இந்த நாடு ஜனவரி 1 என்று பதிந்துகொண்டது. அந்த ஒரே நாளில் அத்தனை பேர் பிறந்ததில், 1965 ஜனவரி 1-ஆம் தேதி ஆண்களுக்கான எண்களே 2007-இல் தீர்ந்துபோயின. அதாவது, எண்ணில் பிழை உண்டா என்று பார்க்கும் சரிபார்ப்புக் கணக்குக்கு ஒத்துவருகிற எண்கள் தீர்ந்துபோயின. அரசாங்கம் என்ன செய்தது? சரிபார்ப்புக் கணக்குக்கு ஒத்துவராத எண்களை வழங்க ஆரம்பித்தது. பழைய கணக்கையே போட்டுப் பார்க்கும் கணினிகளுக்கு அந்த எண் போலி. அரசாங்கம் தேதி கொடுத்தது, அரசாங்கம் எண் கொடுத்தது, அரசாங்கம் வகுத்த கணக்கு அதைப் போலி என்றது. எண்ணின் தொடக்கம் 01. மாற்றியின் வாயில் அதுவும் விழும். ஊரையும் வீட்டையும் பிறந்த நாளையும் தொலைத்துவிட்டு வந்தவனிடம் பூஜ்யத்தையும் பிடுங்கிக்கொள்கிற நாகரிகம் இது.

இந்த இரண்டு வடிவங்களையும் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்.எம்.எல். என்பது கல்யாணப் பத்திரிகை. நிகழும் மங்களகரமான ஆண்டில் தொடங்கி, மணமகன் என்று திறந்தால் மணமகன் முற்றிற்று என்று மூடி, மாமன் வரிசை, சித்தப்பா வரிசை என்று உள்ளுக்குள் உள்ளாக அடுக்கி, எல்லாவற்றையும் திறந்த வரிசைக்குத் தலைகீழாக மூடிக்கொண்டே வந்து முடிக்க வேண்டும். 1998 பிப்ரவரி 10-இல் அது உலகத் தரமாயிற்று. அதற்கும் பாட்டன் ஒருவன் 1986-லிருந்தே இருந்தான். ஜேசன் என்பது வாட்ஸ்அப் செய்தி. கல்யாணம், ஞாயிறு, வந்துடு. 2001 வாக்கில் அதற்கு வடிவம் கொடுத்த அமெரிக்கர் டக்ளஸ் க்ராக்ஃபோர்ட், தான் அதை உருவாக்கவில்லை, கண்டுபிடித்தேன் என்பார். அவர் தன் நிரல்களுக்கு எழுதிய உரிமத்தில், இதை நல்லதுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், கெட்டதுக்கு அல்ல என்று ஒரு வரி சேர்த்தார். அதைப் படித்து மிரண்ட ஒரு பெரிய நிறுவனத்தின் வக்கீல்கள், எங்கள் வாடிக்கையாளர்கள் கெட்டதுக்கும் பயன்படுத்தலாம் என்று தனி அனுமதி கேட்டு எழுதினார்களாம். கொடுத்துவிட்டேன் என்று மேடையில் சொல்லிச் சிரித்தார் அவர். என் தொழிலின் இதிகாசத்தில் நேர்மையான ஒரே அத்தியாயம் அதுதான்.

இரண்டில் எது உயர்ந்தது என்று என் சகாக்கள் வடகலை தென்கலை போலச் சண்டை போடுவார்கள். நாமம் எப்படி இருந்தாலும் யானை ஒன்றுதான். எனக்குக் கோபம் யானைமேல் இல்லை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை நாமத்தை அழித்து எழுத டெண்டர் விடுகிறார்களே, அவர்கள்மேல்.

டென்மார்க் இதில் முன்னோடி. 2005 பிப்ரவரி 1 முதல் அரசாங்கத்துக்குப் பொருள் விற்கிற எவரும் பில்லை எக்ஸ்.எம்.எல். வடிவில்தான் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. தச்சர், குழாய் ரிப்பேர்காரர், ரொட்டிக்கடைக்காரர், யாராக இருந்தாலும். தச்சர் உளி பிடிப்பாரா, கோண அடைப்பு போடுவாரா? அதற்கும் வழி வைத்தார்கள். தச்சர் பழையபடி காகிதத்தில் பில் எழுதி ஓர் இடைநிலையத்துக்குத் தபாலில் அனுப்புவார். அங்கே அதை ஸ்கேன் செய்து, படித்து, எக்ஸ்.எம்.எல். ஆக்கி அரசாங்கத்துக்கு அனுப்புவார்கள். காகிதத்தை ஒழிக்கும் திட்டத்துக்குக் காகிதம் வாங்கும் நிலையம். அந்த வடிவமோ சர்வதேசத் தரம் ஒன்றின் வரைவு நிலைமேல் கட்டியது. தரம் முற்றியதும் சில வருஷத்திலேயே இன்னொரு வடிவத்துக்கு நகர வேண்டியதாயிற்று. பிறகு ஐரோப்பா முழுமைக்கும் ஒரே பில் தரம் என்று 2014-இல் ஆணை பிறந்தது. ஒரே தரம் வந்தது. அதை எழுத இரண்டு விதமான எக்ஸ்.எம்.எல். வந்தது. ஒரே ஊர், ஒரே தேர், இழுக்க இரண்டு வடம்; இரண்டும் எதிரெதிர்த் திசையில் இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

ஒவ்வொரு நகர்வுக்கும் ஆலோசகர்கள் வருவார்கள். எங்கள் துறையில் 'நூறு கோடிச் சிரிப்பு' என்று ஒரு பழைய தாக்குதல் இருக்கிறது. ஒரு கிலோபைட்டுக்கும் சிறிய எக்ஸ்.எம்.எல். கோப்பு, அதில் ஒரு சொல் பத்துச் சொல்லாகும், பத்து நூறாகும், நூறு ஆயிரமாகும், திறந்த மாத்திரத்தில் மூன்று ஜிகாபைட் அளவுக்கு ஊதிக் கணினியை மூச்சுமுட்ட வைக்கும். எந்த ஆலோசகரின் முன்மொழிவைத் திறந்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். உள்ளே இருப்பது ஒரே சொல். பணம்.

அக்காவின் பூஜ்யத்தைப் பற்றி, எந்த அலுவலகம் என்று சொல்லாமல், நான் ஒரு கூட்டத்தில் பேச்செடுத்தேன். பதினோரு பேர். மேசையில் காப்பி, பட்டை தூவிய சுருள் பன். திட்ட மேலாளர் மிக மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அது எட்ஜ் கேஸ்" என்றார். விளிம்பில் நிற்பவர்களாம். ஆண்டில் 108 நாள் விளிம்பு என்றால் நடு எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை. நம் இலக்கியக்காரர்கள் 'விளிம்புநிலை மக்கள்' என்று முப்பது வருஷமாக எழுதுவது யாரைப் பற்றி என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அடுத்த கூட்டத்தின் திரையில் 'தரவு இழப்பு' என்ற தலைப்பு 'தரவு எளிமையாக்கம்' ஆகியிருந்தது. பன் மட்டும் அதே.

விளிம்பு என்று தள்ளும் பட்டியல் சின்னதில்லை.

ஒற்றைப் பிள்ளை பெற்றவர்களைப் பாருங்கள். எக்ஸ்.எம்.எல்-இல் பிள்ளை என்று இரண்டு முறை வந்தால் மாற்றி அதைப் பட்டியல் என்று புரிந்துகொள்ளும். ஒரு முறை வந்தால் பட்டியல் இல்லை, தனிப் பொருள். அடுத்த கணினியோ பட்டியலைத்தான் எதிர்பார்த்து நிற்கும். நாலு பிள்ளை பெற்றவரின் விண்ணப்பம் வழுக்கிக்கொண்டு போகும். ஒன்றே பெற்றவரின் விண்ணப்பத்தில் பிழை. ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணு என்று நாம் சொல்வோம். ஒண்ணே ஒண்ணு என்றால் அது பிள்ளையே இல்லை என்கிறது இயந்திரம்.

பெயருக்கு வாருங்கள். நமக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பா பெயர் முன்னால் ஓரெழுத்தாக நிற்கும், அது போதும். இங்கே குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அப்பா பெயரை அதில் போட்டார்கள். ஆக, அக்காவைத் தபால்காரர் முதல் தாதி வரை எல்லாரும் செத்துப்போன அவருடைய அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதிலும் கடித உறையில் போகும் பெயருக்கு 34 எழுத்துதான் இடம். ஹான்சென், யென்சென், நீல்சென் என்று இருப்பவர்களுக்கு அது மைதானம். சிவபாதசுந்தரம் மகள் புவனேஸ்வரி என்று நினைத்துப் பாருங்கள். கற்பனைப் பெயர்தான், ஆனால் ரோமன் எழுத்தில் எழுதினால் 34 எழுத்துக்குள் மூச்சு வாங்கும். இன்னும் கொஞ்சம் நீண்டால், அப்பாவை வெட்டுவதா மகளை வெட்டுவதா என்று கணினி முடிவெடுக்கும்.

காலிக் கட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு பத்தி வேண்டும். எக்ஸ்.எம்.எல்-இல் 'கணவர்' என்று திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடியிருக்கிறது. ஜேசனுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது? ஒரு மாற்றி 'இல்லை' என்கிறது. இன்னொன்று 'வெறும் சொல்' என்கிறது. மூன்றாவது, அந்தக் கட்டத்தையே தூக்கிவிடுகிறது. நம் பாட்டிமார் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அது இல்லாமை ஆகுமா? வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை பெண்கள் இன்னும் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களின் கணவர் இருக்கிறார் என்று எழுத வழியில்லை, இறந்தார் என்று எழுத அவர்களுக்கு மனமில்லை. இலங்கை அரசாங்கமே 2016-இல் 'காணாமற்போனமைச் சான்றிதழ்' என்று ஒன்றைச் சட்டமாக்க வேண்டி வந்தது. இல்லை என்பதற்கும் காணோம் என்பதற்கும் நடுவில் ஒரு வாழ்க்கையே கிடக்கிறது. அதற்கு எந்த வடிவத்திலும் குறி இல்லை. மாற்றி எழுதுகிறவன் ஒரு நொடியில் 'இல்லை' என்று தேர்ந்தெடுத்துவிட்டுச் சாப்பிடப் போகிறான். அந்த ஒருவன் நானாகவும் இருந்திருக்கிறேன்.

மனிதரை விடுங்கள், ஊரே தப்பவில்லை. ஓல்போர்க் நகராட்சியின் எண் 0851. பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது, நாலு இலக்கமாக எழுதினால் டென்மார்க்கின் 98 நகராட்சிகளுக்கும் அப்படித்தான். ஊர்ப் பெயருக்கும் ஒரு வழக்கு உண்டு. 1948-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, இரட்டை ஏ-யை எடுத்துவிட்டு, தலையில் வட்டம் வைத்த ஒற்றை ஏ-யைப் போடச் சொன்னது. ஊர்க்காரர்கள் முடியாது என்று பழைய இரட்டை ஏ-யிலேயே நின்றார்கள். 1984-இல் அரசாங்கம் இறங்கிவந்து, விரும்பிய ஊர்கள் பழையபடி எழுதிக்கொள்ளலாம் என்றது. பிடிவாதம் எவ்வளவு தூரதரிசனம் பாருங்கள். வட்டம் வைத்த ஊர்களெல்லாம் குறியாக்கம் மாறும்போது நெளியும் புழுவும் முப்புள்ளியுமாகத் திரையில் வந்து நிற்கின்றன. இரட்டை ஏ ஊர் பிழைத்தது. சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்', எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரிந்த காலத்தை மறந்துவிட்டோமா? மொழிக்கு உயிர் கொடுப்போம் என்று சுவரில் எழுதிவிட்டு, 2010 வரைக்கும் யூனிகோடு குறியாக்கத்துக்கு அரசாணை போட முடியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நாம்.

நாடுகளும் தப்பவில்லை. ஜேசனுக்குப் பங்காளி முறையில் யாமல் என்று ஒரு வடிவம் இருக்கிறது. பெயரைக் கேட்டாலே தமிழனுக்கு உஷார் வர வேண்டும். செய்யாமல், சொல்லாமல், கொள்ளாமல். அதன் பழைய பதிப்பில் நார்வேயின் ஈரெழுத்துக் குறியைப் போட்டால் அது 'பொய்' என்று பதிவாகும், ஏனென்றால் அந்த ஈரெழுத்து ஆங்கிலத்தில் 'இல்லை'. கடலுக்கு அந்தப் பக்கம் மலையும் பனியுமாக நிற்கும் ஒரு நாடு, பொய். ஓல்போர்க்கின் பெயர் தாங்கிய புகழ்பெற்ற அக்வாவிட் சாராயத்தை 2015 முதல் நார்வேயில்தான் காய்ச்சுகிறார்கள். ஊரின் பெயர் இங்கே, சரக்கு பொய்யான நாட்டில். மாற்றித் தருவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

இங்கே மட்டும்தான் இப்படி என்று எண்ணிச் சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள் காலாட்ட வேண்டாம். நம் வருமான வரிக் கணக்கு 2021 வரை எக்ஸ்.எம்.எல்-ஆகப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜேசனுக்கு மாற்றினார்கள். 4,242 கோடி ரூபாய்க்கு இன்ஃபோசிஸிடம் கொடுத்த புதுத் தளம் ஜூன் 7 இரவு திறந்தது. மறுநாளே நிதியமைச்சர் ட்விட்டரில், ஊரறிய, அந்த நிறுவனத்தின் நந்தன் நிலேகனியைக் கூப்பிட்டுக் குறை சொன்னார். 4,242 கோடி கொடுத்த அம்மையாருக்கும் புகார் சொல்ல ட்விட்டர்தான் கதி என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்? ஆகஸ்ட் 21-இல் தளமே படுத்தது. 23-ஆம் தேதி தலைமை அதிகாரியை டெல்லிக்கு வரவழைத்தார்கள். ஜூலை 31 என்றிருந்த கடைசி நாள் செப்டம்பர் 30 ஆகி, டிசம்பர் 31 ஆயிற்று. ஆடிட்டர் அலுவலகங்களில் ராத்திரி இரண்டு மணிக்குச் சுற்றும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தாப் பிள்ளைகளுக்கு எந்த அமைச்சரும் ட்வீட் போடவில்லை. குற்றம் ஜேசனுடையது அல்ல. ஜேசன் பாவம், இரண்டு நெளி அடைப்பு.

இங்கே வரி வசூலில் நடந்ததைக் கேளுங்கள். அரசாங்கத்துக்கு வர வேண்டிய கடன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டித் தானாகவே வசூலிக்க எஃபி என்று ஒரு பெரிய கணினி அமைப்பை 2013-இல் ஓடவிட்டார்கள். அது சட்டப்படி காலாவதியான கடன்களையும் ஜனங்களிடமிருந்து பிடித்துக்கொண்டிருந்தது. 2015 செப்டம்பரில் ஓசைப்படாமல் அல்ல, ஊரே சிரிக்க இழுத்து மூடினார்கள். வசூலிக்க ஆளில்லாமல் பாக்கி ஏறி நூறு பில்லியன் குரோனரைத் தாண்டியது. அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் போலீசுக்காகக் கட்டிய இன்னொரு அமைப்பை ஏறக்குறைய 500 மில்லியன் குரோனர் செலவுக்குப் பிறகு குப்பையில் போட்டிருந்தார்கள். ஐ.நா.வின் மின்னரசுப் பட்டியலில் டென்மார்க் 2018, 2020, 2022, 2024 நான்கு முறையும் முதலிடம். முதலிடம் பிடித்த நாட்டில் அக்கா ஒன்பது இலக்கத்தோடு என் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார்.

இதே ஊரில் 1974-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. எக்ஸ்.எம்.எல். தரவை மற்றத் தரவுக் கிடங்குகளோடு எப்படி இணைப்பது என்று 2000-களின் தொடக்கத்திலேயே அங்கே கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். அங்கிருந்து நகரத்து அலுவலகங்களுக்குப் பேருந்து ஓடுகிறது. அறிவு மட்டும் ஏறுவதில்லை.

தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு அக்காவுக்கு இதையெல்லாம் சொன்னேன். பூஜ்யம் எப்படி விழும், எங்கே விழும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, தானாக நடப்பது. பொறுமையாகக் கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருக்கிறார். மீன் தொழிற்சாலையில் நின்று நின்று முழங்கால் போனவர்.

"தானா நடக்கிறதோ? எங்களுக்கும் அப்பிடித்தான் முதல் சொன்னவை தம்பி. வேலை கூட, ஆக்கள் குறைவு, அதால பிந்துது எண்டு. அப்ப உங்கட ஜேசனும் இல்லை, ஒண்டும் இல்லை. பேப்பர்தான். அவர் இங்க ஹெர்னிங்கில. நான் யாழ்ப்பாணத்தில, பிள்ளையோட பங்கருக்குள்ள. பேப்பரை எடுத்துக் கட்டுக்கு அடியில வைச்சவங்கள்."

இளைய வாசகர்களுக்காக அந்தக் கட்டைப் பிரிக்கிறேன். டென்மார்க்கில் அடைக்கலம் பெற்ற ஈழத் தமிழர், மனைவி மக்களை அழைத்துக்கொள்ளச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள். 1987 செப்டம்பரில் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சென், அந்தத் தமிழர்களின் விண்ணப்பங்களை மட்டும் அடுக்கின் அடியில் போடச் சொன்னார். சட்டத்தை மாற்றவில்லை. அடுக்கின் வரிசையை மாற்றினார். அடுத்த மாதமே யாழ்ப்பாணத்தில் இந்திய ராணுவம் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. அதை இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நான் எழுதாமல் விடக் கூடாது. 1989-இல் பிரதமர் போவுல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் நின்று, கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்றார். 1993 ஜனவரி 14-இல் நீதிபதி ஹார்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை வந்தது. ஏறக்குறைய ஆறாயிரம் பக்கம். கம்பளத்தைத் தூக்கிக் காட்டியது. அன்றைக்கே பிரதமர் பதவி விலகலை அறிவித்தார். 1995-இல் அமைச்சரைக் குற்றவிசாரணை மன்றத்தில் நிறுத்தி, நாலு மாதத் தண்டனை கொடுத்தார்கள். நிறுத்திவைத்த தண்டனை, சிறைக்குப் போகவில்லை. இந்த நாடு அதைத் 'தமிழர் வழக்கு' என்றே இன்றும் சொல்கிறது. உலகத்தில் எத்தனையோ இடத்தில் நம் பெயர் பொறித்திருக்கிறது. ஓர் அரசாங்கம் கவிழ்ந்த கோப்பின் முதுகில் பொறித்திருப்பது இங்கேதான்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவர் செய்தது அநியாயம். ஆனா அவருக்குப் பேர் இருந்தது. பிடிச்சு வைச்சுக் கேள்வி கேட்டவை. இதுக்கு இப்ப ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது?"

நான் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். 'கண்டறியப்படவில்லை.' யாரால்? தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. வாக்கியத்தில் எழுவாய் தெரியாது, ஆனால் தேடினால் அகப்படும். அலுவலக இலக்கணத்தில் இருப்பது ஒருக்காலும் தோன்றவே தோன்றாத எழுவாய். அன்று அடுக்கின் அடியில் வைத்த கைக்கு மணிக்கட்டு இருந்தது, கடிகாரம் இருந்தது, கையெழுத்து இருந்தது. இன்றைக்கு அதே வேலையை வடிவமாற்றி செய்கிறது. அதை வாங்கியவர் பதவி மாறிப் போய்விட்டார். விற்ற நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் விழுங்கிவிட்டது. எழுதிய பையன் ஒப்பந்தக்காரன். ஒப்பந்தம் முடிந்து போனான். ஆறாயிரம் பக்கம் எழுத வந்தாலும் நீதிபதிக்கு முதல் பக்கத்தில் போட ஒரு பெயர் கிடைக்காது. இந்தச் சௌகரியத்துக்குத்தான் அவர்கள் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள் என்று நான் சந்தேகப்படுகிறேன். தரவை மாற்றுவதாகச் சொல்லிப் பொறுப்பை மாற்றுகிறார்கள். அந்த மாற்றத்தில் மட்டும் ஓர் எழுத்துகூட மிச்சமில்லாமல் எல்லாம் சுத்தமாகத் தொலைகிறது.

மறுநாள் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். இசை கேட்டேன், இசை கேட்டேன், கடைசியில் ஒரு பெண் குரல். நல்ல பெண். பூஜ்யம் விழுவது தங்களுக்கும் தெரியும் என்றார். வசந்தகாலத்தில் வரும் புதுப் பதிப்பில் சரியாகும் என்றார். அதுவரை என்ன செய்வது என்று கேட்டதற்கு, காகிதத்தில் ஒரு கடிதம் எழுதிப் போடச் சொன்னார்.

அதிகாரம் உள்ளவர்களுக்கு, டேனிஷ் தெரியாத என் தமிழில், ஒரு விண்ணப்பம். கூட்டவோ கழிக்கவோ எவருக்கும் வேலையில்லாத எண், எண் அல்ல. அது பெயர். அக்காவின் எண்ணை எவரும் இரண்டால் பெருக்கிப் பார்க்கப் போவதில்லை. ஜேசனில் அதன் முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டால் போதும். அது சொல்லாகிவிடும், பூஜ்யம் இருந்த இடத்தில் இருக்கும். பதினைந்து, பதினாறு இலக்கத்தைத் தாண்டும் எண்களின் வால் ஜாவாஸ்கிரிப்டில் மழுங்குகிறது என்று தெரிந்தவுடன் ட்விட்டர் 2010-இல் இதைத்தான் செய்தது. ஒவ்வொரு பதிவின் எண்ணையும் மேற்கோளுக்குள் இன்னொரு தரம் எழுதிக் கொடுத்தது. கிண்டலும் வசையும் போடுகிற பதிவுகளுக்குக் கிடைத்த மரியாதை அது. முப்பது வருஷம் மீன் வெட்டி வரி கட்டிய பெண்ணுக்கும் அதைக் கொடுங்கள். இரண்டு மேற்கோள் குறி. அதற்கு டெண்டர் வேண்டாம்.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் அக்காவுக்கு மூன்றாவது கடிதம் வந்திருக்கிறது. தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.